'ஃபிரீ' என்னும் பெயரடையும் பால்மரத் தோட்டங்களும்

மலாயா இந்தியர் வரலாற்றை ஆராயப் புகுவோர், ஆங்கிலேயர் காலத்து ஆண்டறிக்கைகளில் ஒரு சிறு பெயரடையை அடிக்கடி எதிர்கொள்வர். 'ஃபிரீ' என்பதே அச்சொல். ஒப்பந்தத்தில் கட்டுண்டு வந்தவரிடமிருந்து பிரித்துக் காட்டுவதற்காகக் கங்காணி வழி வந்தவரை 'ஃபிரீ லேபரர்' என்று அவ்வறிக்கைகள் குறித்தன. அவர் கப்பலேறி வந்த பயணத்தையும் 'ஃபிரீ' என்றே சொல்லின. தோட்டத்தில் அவர் குடியிருந்த லயத்தையும், காய்ச்சல் கண்டபோது அவர் குடித்த மருந்தையும் அதே சொல்லால் அழைத்தன. நம் நூல்கள் சில, முதலாவதைச் 'சுதந்திரத் தொழிலாளர்' என்றும் மற்றவற்றை 'இலவசம்' என்றும் பெயர்த்துக்கொண்டு மேலே சென்றுவிடுகின்றன. மொழிபெயர்ப்பு பிழையன்று. ஆயினும் அந்த இரு தமிழ்ச் சொற்களும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக நின்றன என்னும் உண்மை அங்கே மறைந்துபோகிறது. அப்படி மறைந்த தொடர்பே கோலசிலாங்கூரிலும் வடசிலாங்கூரிலும் பால்மரம் சீவிய நம் முன்னோரின் வாழ்க்கையாக இருந்தது என்பது என் கருத்து.

முதலில் சொல்லின் பிறப்பைக் காண்போம். ஆங்கிலத்தின் 'ஃபிரீ'யும் வடமொழியின் 'பிரிய' என்பதும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை என்பர் மொழிநூலார். அவ்வேரின் பொருள் அன்பு. நண்பனைக் குறிக்கும் 'ஃபிரெண்ட்' என்பதும் அவ்வேரினதே. பழைய செருமானிய இல்லங்களில் தலைவனின் அன்புக்குரிய உற்றார் ஒரு சாரார். அடிமைகள் மறு சாரார். உற்றார் வட்டத்துள் இருந்தவனே 'ஃபிரீ' எனப்பட்டான். இலத்தீன் மொழியிலும் இதற்கு இணை உண்டு. கட்டற்றவனைக் குறிக்கும் 'லீபெர்' என்னும் சொல்லின் பன்மை வடிவமே அங்கே வீட்டுப் பிள்ளைகளுக்கும் பெயராக வழங்கிற்று. ஆக, தொடக்கத்தில் இச்சொல் உறவுடையவனைச் சுட்டியது. விலையின்மை என்னும் பொருள் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டது.

இப்பெயரடையின் பின்னே வரும் இடைச்சொற்களை ஆங்கில வகுப்பில் மாணவர்கள் மனப்பாடம் செய்வதுண்டு. 'ஃபிரீ ஃபிரம்' என்றால் ஒன்றிலிருந்து நீங்கிய நிலை. 'ஃபிரீ ஆஃப்' என்றால் கட்டணம், வரி போன்ற ஒன்று இல்லாத நிலை. 'ஃபிரீ டு' என்றால் ஒன்றைச் செய்வதற்கு உள்ள உரிமை. தமிழில் இம்மூன்றுக்கும் ஒரே சொல் பொருந்தாது. கடன் அற்றவன், கட்டணம் இல்லாத மருந்து, போக உரிமை பெற்றவன் என வெவ்வேறாகவே சொல்லியாக வேண்டும். மலாய் மொழியும் நம்மைப் போன்றதே. கட்டற்றவனுக்கு அங்கே 'மெர்டேக்கா'. கட்டணமற்ற பொருளுக்குப் 'பெர்ச்சுமா'. முன்னது செல்வமும் ஆற்றலும் மிக்கவனைக் குறிக்கும் 'மகர்த்திக' என்னும் வடசொல்லிலிருந்து வந்தது. மலாக்காச் சட்டத் தொகுப்பில் அது அடிமைக்கு எதிர்ச்சொல்லாக நிற்கிறது. ஒல்லாந்தர் அச்சொல்லை 'மார்டைக்கர்' என்று திரித்து, பத்தாவியாவில் விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழியினருக்குப் பெயராக இட்டனர். 1784இல் கோலசிலாங்கூரின் மெலாவத்திக் குன்றைக் கைப்பற்றிக் கோட்டைக்கு ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயர் சூட்டியவரும் அவ்வொல்லாந்தரே. 'பெர்ச்சுமா'வின் வேராகிய 'சுமா'வோ நம் 'சும்மா'விலிருந்து சென்றது என்பர். இந்நாட்டில் இலவசம் என்பதற்கு வழங்கும் மலாய்ச் சொல் தமிழர் தந்த சொல் என்பதை மாணவர்க்குச் சொன்னால் அவர்கள் நகைப்பர். தோட்டத்துப் பாட்டாளிக்கு எதுவும் சும்மா கிடைக்கவில்லை என்பதைப் பின்னர்ச் சொல்லிக்கொள்ளலாம்.

இனி நம் 'சுதந்திரம்' என்னும் சொல்லைப் பார்ப்போம். இன்று இதற்கு அரசியல் விடுதலை என்பதே பொருள். ஆனால் சென்னை மாநிலத்து வருவாய் ஏடுகளிலும் பழைய அகராதிகளிலும் இச்சொல் வேறொரு பொருளில் வழங்கியது. அறுவடைக் களத்தில் நெல்லை அளக்கும்போது, ஊர்க் காவலுக்கும் தச்சனுக்கும் கொல்லனுக்கும் வெட்டியானுக்கும் வழிவழியாக ஒதுக்கப்பட்ட பங்குக்குச் 'சுதந்திரம்' என்று பெயர். செங்கல்பட்டுச் சீமையின் மிராசு வழக்குகளில் இச்சொல் மிகுதியாக வரும். தமிழ் விவிலியத்தில் 'சுதந்தரம்' என்பது தந்தை வழிச் சொத்து. 'சுதந்தரவாளி' என்பவன் அச்சொத்துக்கு உரியவன். ஆகவே நம் முன்னோர் வாயில் சுதந்திரம் என்பது கையால் அளந்து வாங்கக்கூடிய ஒன்றாக இருந்தது. மண்ணின் விளைவில் பங்கு இருந்தால் சுதந்திரம் இருந்தது. பங்கு இல்லாதவன் பண்ணையாள், படியாள். இந்தியாவில் அடிமை முறைக்குச் சட்டத்தின் துணை இல்லை என்று 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அறிவித்துவிட்டது. ஆனால் காவிரிக் கரையில் கலியாணக் கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் கிடந்தவர்களை அச்சட்டம் எளிதில் எட்டவில்லை.

இவற்றை மனத்திற்கொண்டு மலாயாவுக்கு வருவோம். வெல்லஸ்லி மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களே இங்கே ஒப்பந்தக் கூலிமுறையின் நிலைக்களன். கப்பற் செலவைக் கடனாக ஏற்றுக்கொண்டு, பொதுவாக மூன்றாண்டு ஒரே முதலாளியிடம் உழைப்பதாகக் கைந்நாட்டு இட்டவன் இடையில் வேலையை விட்டு ஓடினால் சிறை புகுந்தான். இம்முறை 1910இல் நிறுத்தப்பட்டது. எஞ்சிய ஒப்பந்தங்களும் 1913க்குள் முடிந்தன. கோலசிலாங்கூரின் காடுகள் அழிந்து ரப்பர்த் தோட்டங்களாக மாறியது இக்காலத்தை ஒட்டியே. 1910இல் இலண்டன் சந்தையில் ரப்பர் விலை அதுவரை காணாத உச்சத்தை எட்டியது. ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் இன்று சொல்லும் பகுதிகளிலும், வடக்கே உலு சிலாங்கூரிலும் ஆள் தேவை பெருகிற்று. எனவே இவ்வட்டாரம் பெரும்பாலும் 'ஃபிரீ' தொழிலாளரின் வட்டாரம். கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கொடுமைகளை அப்படியே எடுத்து இப்பகுதிக்குப் பொருத்தி எழுதுவோர் இவ்வேறுபாட்டைக் கவனித்தல் நலம்.

1905இல் மலாயாவுக்கு வந்த பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கோனியே, சிலாங்கூர் ஆற்றை அடுத்த ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் அமைத்தார். 1917இல் பத்தாங் பெர்ஜுந்தைப் பகுதியின் தென்னமரம் தோட்டத்தில் அவர் செம்பனையைப் பயிரிட்டதே இந்நாட்டு வாணிகச் செம்பனைத் தொழிலின் தொடக்கம் என்பது பலரும் அறிந்தது. தோட்டத்தின் பெயரிலேயே தமிழ் ஒலிப்பதைக் காண்க. தோட்ட வாழ்வைப் பொருளாகக் கொண்டு அவர் எழுதிய 'மலேசி' என்னும் நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. அவர் பெயர் தொழில் வரலாற்றிலும் இலக்கிய வரலாற்றிலும் நின்றது. அச்செம்பனைகளை நட்டவர்களின் பெயர்கள் பெரட்டுப் புத்தகங்களோடு போயின.

இத்தோட்டங்களுக்கு ஆள் வந்த வழியை நோக்குவோம். தோட்டத்தில் வேலை பார்க்கும் கங்காணி, உரிமம் பெற்றுத் தன் சொந்த ஊருக்குத் திரும்பிச் சென்று, உறவினரையும் அயலாரையும் திரட்டி வருவான். 'கண்காணி' என்னும் தூய தமிழ்ச் சொல்லே பேச்சில் திரிந்து கங்காணியாகி ஆங்கிலச் சட்டத்துள் புகுந்தது. 'கூலி'யின் கதையும் அத்தகையதே. வள்ளுவர் அச்சொல்லை முயற்சியின் பயன் என்னும் பொருளில் ஆண்டார். ஆங்கிலேயர் ஏட்டில் அது உழைப்பவனுக்கே பெயராயிற்று. 1907இல் தமிழர் குடிவரவு நிதி நிறுவப்பட்டது. பின்னர் இது இந்தியர் குடிவரவு நிதி எனப்பட்டது. இந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்திருந்த முதலாளிகள் யாவரும் இந்நிதிக்கு வரி செலுத்தினர். ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களின் செலவு, கப்பற் கட்டணம், ஆள் திரட்டும் செலவு ஆகியவை இதிலிருந்து கொடுக்கப்பட்டன. வந்திறங்கியவன் தலையில் கப்பற் கடன் இல்லை. பயணம் 'ஃபிரீ', ஆகவே ஆளும் 'ஃபிரீ'. ஆட்சியாளர் இதை ஒரு சாதனையாகவே கருதினர்.

அது முற்றிலும் பொய்யன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். பண்ணைக் கடனில் பிறந்து பண்ணைக் கடனில் சாக இருந்தவனுக்குக் கப்பலேறுவது ஒரு விடுதலைதான். தோட்டத்தில் அவன் உழைப்புக்குக் காசு கொடுத்தார்கள். சட்டப்படி ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு அவன் வேறு தோட்டத்திற்குப் போகலாம். வேலையை விட்டதற்காகச் சிறையில் இடும் விதிகளும் 1920களின் தொடக்கத்தில் நீங்கின. 'ஃபிரீ ஃபிரம்' என்னும் தொடர் ஓரளவு நிறைவேறியது எனலாம்.

சிக்கல் 'ஃபிரீ டு' என்பதில் இருந்தது. கப்பற் செலவை நிதி ஏற்றது. ஊரில் வாங்கிய கடனையும், வழிச் செலவையும், வந்த புதிதில் கடைக்கணக்கையும் பல இடங்களில் கங்காணி ஏற்றான். வேலைக்கு இறங்கும் ஆள் ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் 'தலைக்காசு' பெற்றவன் அவன். ஆள் குறைந்தால் காசு குறையும். ஆகவே அவன் தன் ஆட்களை விட்டுவிட விரும்பவில்லை. அவன் மாமனாகவோ சிற்றப்பனாகவோ, குறைந்தது ஒரே ஊரானாகவோ இருந்தமையால், அந்தப் பிடியை உதற உறவையே உதற வேண்டியிருந்தது. 'ஃபிரீ' என்பதன் பழம்பொருள் உறவு என்று முன்னர்க் கண்டோம். தோட்டத்தில் அவ்வுறவே கட்டாயிற்று. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் இக்கட்டுக்கு ஒரு காகிதமும் இருந்தது. தொழிலாளியின் கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அத்தமிழ்ச் சொல்லே ஆங்கிலச் சட்டத்திலும் ஏறியது. 1921இல் அங்கே அது ஒழிக்கப்பட்டது. துண்டைப் பற்றிப் படிக்கும் தமிழாசிரியருக்குத் திருவெண்ணெய்நல்லூரில் சுந்தரர்மீது நீட்டப்பட்ட ஆளோலை நினைவுக்கு வராமற் போகாது. அங்கே ஓலை காட்டியவர் இறைவன். இங்கே கடனைக் காட்டியவன் கங்காணி.

அடுத்துத் தோட்டத்தில் 'ஃபிரீ'யாகக் கிடைத்தவற்றைக் காண்போம். லயம், மருந்து, பிள்ளைகளுக்கு ஆயாக் கொட்டகை, பள்ளிக்கூடம் ஆகியவற்றைச் சட்டம் முதலாளியின் கடமையாக்கியது. 1923ஆம் ஆண்டுத் தொழிற் சட்டத்தின்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைத்தாக வேண்டும். நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் தொடக்கம் இதுவே. அச்சட்டம் இல்லாதிருந்தால் இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் நிலை என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவும் அச்சமாக உள்ளது. அதே வேளையில், அப்பள்ளி தோட்டத்தின் உடைமை. பல இடங்களில் கல்வி தொடக்க வகுப்புகளோடு நின்றது. பிள்ளை பால்காட்டுக்குச் செல்லும் வயது வந்ததும் பாடம் முடிந்தது. லயமும் அத்தகையதே. வாடகை இல்லை, ஆனால் வேலை போனால் வீடும் போகும். வீடு போனால் பிள்ளையின் பள்ளியும் போகும். மாத முன்னறிவிப்பு ஒன்றைக் கொடுத்தால் போதும் என்று சட்டம் சொல்லியது. அம்முன்னறிவிப்பின் விலை இத்தனையும் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. விலை குறிக்காமல் கொடுக்கப்பட்ட பொருளே மனிதனை மிகுதியாகக் கட்டுகிறது என்பதை அங்காடியில் பேரம் பேசிப் பழகியவர்கள் அறிவர். கூலியாகக் கையில் வந்திருக்க வேண்டிய பணத்தின் ஒரு பகுதியே லயமாகவும் மருந்தாகவும் திரும்பி வந்தது. 1920களின் இறுதியில் முக்கியத் தோட்டப் பகுதிகளுக்கு விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு.

அக்கூலியும் நிலைக்கவில்லை. 1930இல் உலகப் பொருளாதார மந்தம் ரப்பரைத் தாக்கியபோது கூலி வெட்டப்பட்டது. வேலையற்றோரைக் குடிவரவு நிதியே திருப்பி அனுப்பியது. 1930 முதல் 1932 வரை ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இவ்வாறு தமிழகம் திரும்பினர். அதுவும் 'ஃபிரீ' பயணமே. பின்னர் மீண்டும் ஆள் தேவைப்பட்டது, மீண்டும் அழைத்தனர். 1938இல் கூலி வெட்டு மறுபடியும் தலைகாட்டவே, உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் குடிபெயர்வை இந்திய அரசு தடை செய்தது. 'ஃபிரீ' பயணத்தின் காலம் அத்துடன் முடிந்தது.

1941இல் கிள்ளான் வட்டாரத்தில் வெடித்துச் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தைத் தொழிற்சங்க வரலாற்றாசிரியர் பலர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டதும், மே மாதத்தில் மாநிலத்தில் அவசரநிலை அறிவிக்கப்பட்டதும், படையினர் வந்ததும், உயிர்கள் பலியானதும் அறிந்த செய்திகள். அப்போது முன்வைக்கப்பட்ட கோரிக்கைகளே ஈண்டு நமக்குரியவை. கூலி உயர்வு அவற்றுள் ஒன்று. துரையையோ கிராணியையோ வழியில் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது மற்றொன்று. பெண்களிடம் முறைகேடாக நடத்தல் நிற்க வேண்டும், கள்ளுக்கடை மூடப்பட வேண்டும், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், பேசவும் கூடவும் உரிமை வேண்டும் என்று அப்பட்டியல் நீள்கிறது. உறவினரும் நண்பரும் தோட்டத்திற்குள் தடையின்றி வந்து போக வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. தோட்டம் தனியார் நிலம். அண்ணன் வீட்டுக்குத் தம்பி வருவதும் அங்கே நிருவாகத்தின் இசைவைப் பொறுத்தது. முப்பது ஆண்டுகளாக ஏடுகளில் 'ஃபிரீ' என்று எழுதப்பட்டவர்கள், தம் உற்றாரைத் தம் வாசலில் வரவேற்கும் உரிமையைக் கேட்டு வேலையை நிறுத்தினர். மொழிநூலார் தோண்டியெடுத்த வேர்ப்பொருளை அவர்கள் நூல் கொண்டு அறிந்தவர்கள் அல்லர். எனினும் அச்சொல்லை அதன் முதற்பொருளில் கேட்டவர்கள் அவர்களே என்பேன்.

அடுத்த ஆண்டே சப்பானியர் ஆட்சி வந்தது. சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டத்து ஆட்கள் பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர். 1943 அக்டோபர் 21இல் சிங்கப்பூரில் நேதாஜி 'ஆசாத் ஹிந்த்' அரசை அறிவித்தார். 'ஆசாத்' என்னும் பாரசீகச் சொல்லும் கட்டற்றவன், உயர்குடியினன் என்னும் பொருளதே. பால்வாளி தூக்கிய இளைஞரும் பெண்களும் அப்படையில் சேர்ந்து, துரையின் முன் தலைகுனியாமல் நிற்கப் பழகிவிட்டனர். போர் முடிந்து துரைமார் திரும்பியபோது பழைய பணிவு தோட்டங்களில் இல்லாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பர்.

1957 ஆகஸ்டு 31இல் 'மெர்டேக்கா' என்னும் முழக்கம் எழுந்தது. மறு ஆண்டு இந்தியர் குடிவரவு நிதி தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்று பெயர் மாறியது. ஆங்கிலேயக் கும்பினிகள் பல தம் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் புறப்பட்டன. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டார். நிலம் கைமாறியபோது, வாடகையில்லா லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்நிலத்தில் எந்தப் பாத்தியமும் இல்லை என்பது வெளிப்பட்டது. நாடு மெர்டேக்கா பெற்றது. அவர்களிடம் களத்துமேட்டுச் சுதந்திரம் இல்லை. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகச் சென்று பத்துப் பத்து வெள்ளியாகத் தவணையில் பங்குத் தொகை திரட்டியது இச்சூழலிலேதான். சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம். தொழிலாளி தான் சீவும் மரத்தில் பங்குடையவனாதல் வேண்டும் என்பது அம்முயற்சியின் கருத்து. எல்லாத் தோட்டங்களையும் அது காப்பாற்ற இயலவில்லை. அது வேறு கட்டுரைக்குரிய பொருள்.

பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறியது. வடசிலாங்கூரில் ரப்பர் இருந்த இடங்களில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. லயங்களில் வாழ்ந்த நம்மவர் பலர் வெளியேறிவிட்டனர். இன்று நாட்டின் தோட்டங்களில் செம்பனைக் குலை வெட்டுவோருள் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் மிகுதி. முகவருக்குக் கொடுத்த பணத்துக்காக ஊரில் கடன்பட்டு வந்தவர் அவர்களுள் பலர். அவர்களுக்கும் தங்குமிடம் 'ஃபிரீ' என்றே சொல்லப்படுகிறது. ஒருவரின் கடப்பிதழை மற்றொருவர் வாங்கி வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். ஆயினும் முதலாளிமாரிடையே அவ்வழக்கம் இன்னும் முற்றாக மறையவில்லை.